திருநாளும் உடல்நலமும்

மனிதன் ஓயாமல் உழைத்துக்கொண்டே இருக்க முடியாது. பகல் முழுதும் உழைத்தவனுக்கு இரவு ஓய்வு தருகிறது. ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் ஓய்வு தருகிறது. ஆண்டு முழுதும் உழைத்தவனுக்கு ஓய்வும் மகிழ்ச்சியும் தர ஏற்பட்டவையே திருநாள்கள். ஆடியில் விதைத்துத் தையில் அறுத்த உழவன் புத்தரிசிப் பொங்கலிட்டு மகிழ்ந்தான். மறுநாள் தன்னோடு வயலில் உழைத்த மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, அதற்கும் ஓய்வு தந்தான். அதற்கு அடுத்த நாள் உற்றார் உறவினரைக் காணப் புறப்பட்டான். மாட்டுக்குங்கூட ஆண்டில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று எண்ணிய சமுதாயம் நம்முடையது.

ஆனால் இன்று நிலைமை என்ன? பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், “அப்பாடா, ஒருவழியாக முடிந்தது!” என்னும் பெருமூச்சே முதலில் கேட்கிறது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வயிற்றுப் பொருமல், ஒருவருக்கு இருமல், இன்னொருவருக்குக் கால்வீக்கம். குடும்பத் தலைவருக்கோ கைமாற்று வாங்கிய கவலை. ஓய்வு தருவதற்காக வந்த நாள் களைப்பைத் தந்துவிட்டுப் போகிறது.

இது ஏன் நேர்கிறது? இதனைத் தவிர்க்க நாம் செய்யக்கூடியவை யாவை? இவற்றைத் தீபாவளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம். ரம்சான் ஆயினும், கிறிஸ்துமஸ் ஆயினும், பொங்கல் ஆயினும் உடலுக்கு வேற்றுமை தெரியாது. எனவே இங்குக் கூறுபவை பெரும்பாலும் எல்லாத் திருநாள்களுக்கும் பொருந்தும்.

மகிழ்ச்சியும் ஒரு சுமையா?

துன்பம் வந்தால் உடல் தளரும் என்பது யாவரும் அறிந்ததே. இன்பம் வந்தாலும் உடல் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நாம் எண்ணிப் பாராத செய்தி. கனடா நாட்டில் பணியாற்றிய ஹான்ஸ் செலி என்னும் அறிஞர் 1936இல் ஒரு கருத்தை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு, மிகை உழைப்பு என்று உடலைத் தாக்குபவை வேறு வேறாக இருந்தாலும், அவற்றை எதிர்கொள்ள உடல் காட்டும் பொதுவான எதிர்ச்செயல் ஏறத்தாழ ஒன்றே என்பது அதன் சாரம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் இதில் பெரும்பங்கு கொள்கின்றன. அவை சுரக்கும் ஹார்மோன்களால் நாடித்துடிப்பு மிகுகிறது; இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது; செரிமானம் மந்தமாகிறது. சிறிது நேரம் இவ்வாறு இருப்பது நன்மையே. தேர்வு எழுதும் மூன்று மணி நேரம் நம்மை விழிப்போடு வைத்திருப்பதும் இதுவே. நாள்கணக்கில் நீடித்தால்தான் கேடு.

1967இல் அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராகே என்னும் இரு மருத்துவர்கள், வாழ்க்கையில் நேரும் 43 நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் மனிதனை எவ்வளவு உலுக்குகிறது என்பதற்கு மதிப்பெண் அளித்தனர். கணவன் அல்லது மனைவியின் இறப்புக்கு 100, திருமணத்திற்கு 50, விடுமுறைக்கு 13, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 12. துன்பங்களை எண்ண வந்த பட்டியலில் திருமணமும் விடுமுறையும் பண்டிகையும் இடம்பெற்றிருப்பது வியப்பன்றோ? வழக்கமான வாழ்வு மாறும்போதெல்லாம், அந்த மாற்றம் இனியதாயினும், உடலும் உள்ளமும் அதற்கு ஒரு விலை கொடுக்கின்றன என்பதே இதன் பொருள்.

இந்த விலை சிலருக்கு மிக அதிகமாகிவிடுகிறது. அமெரிக்காவில் பல ஆண்டு இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களை ஒட்டி இதய நோய் இறப்புகள் உச்சத்தை அடைவதைக் காட்டியது. சுவீடன் நாட்டில் 1998 முதல் 2013 வரை மாரடைப்புக்கு ஆளானவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வும், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாரடைப்பு ஏனைய நாள்களைவிட 37 விழுக்காடு அதிகம் என்று கண்டது. முதியவர்களும் நீரிழிவு நோயாளர்களுமே அதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். அந்நாடுகளின் தட்பவெப்பம் வேறு, வாழ்க்கை முறை வேறு. எனினும், இறப்பு மிகுவதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதும் ஒன்று நமக்கும் அந்நியமானதன்று. “நல்ல நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரிக்கா போவது? விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று நோயாளி வலியை மறைத்துக்கொள்வதே அது. நெஞ்சுவலிக்கு நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. வீட்டில் பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து அமர்ந்தால், இலை போட்டிருந்தாலும் விருந்தினர் வந்திருந்தாலும் உடனே 108க்குச் செய்தி சொல்வதே அறிவுடைமை.

பண்டிகையை ஒட்டி மது அருந்துவோருக்கும் ஒரு சொல். விடுமுறை நாள்களில் அளவின்றிக் குடித்துவிட்டு, தாறுமாறான இதயத் துடிப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், 1978இல் அந்நோய்க்கு ‘விடுமுறை இதயம்’ என்றே பெயரிட்டனர். பெயரே போதிய எச்சரிக்கை.

எண்ணெயும் இலேகியமும்

நம் முன்னோர் தீபாவளியை வகுத்த முறையைக் கூர்ந்து நோக்கினால், உடலைப் பேணும் வழியும் அதற்குள்ளேயே இருப்பதைக் காணலாம். ஐப்பசி மாதம் அடைமழைக் காலம். நீரும் காற்றும் குளிர்ந்திருக்கும். அந்த நாளில் விடியற்காலையில் நல்லெண்ணெயை மிளகும் சீரகமும் இட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக உச்சிமுதல் உள்ளங்கால்வரை தேய்த்து, சீயக்காயோ அரப்போ இட்டு வெந்நீரில் குளிக்கச் செய்தனர். “கங்கா ஸ்நானம் ஆயிற்றா?” என்று கேட்டுக்கொள்வதே அன்றைய நலம் விசாரிப்பு. “பலகாரம் ஆயிற்றா?” என்பது அதற்குப் பின்னர்தான்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் இரண்டு நன்மைகள் உண்டு. அழுத்தித் தேய்ப்பதால் தோலில் இரத்த ஓட்டம் மிகுந்து தசைகளின் இறுக்கம் தளர்கிறது. மற்றொன்று, எண்ணெய் ஊறும் வரையில் மனிதன் எங்கும் போக முடியாது. எந்த வேலையும் செய்ய முடியாது. ஒரு மணையிலோ திண்ணையிலோ சும்மா அமர்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா இருத்தலும் மருந்தின் ஒரு பகுதியே. இன்று நாமோ ஒரு சொட்டு எண்ணெயை உச்சியில் வைத்து, உடனே தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடுகிறோம். சடங்கை வைத்துக்கொண்டோம், அதிலிருந்த ஓய்வை விட்டுவிட்டோம். காய்ச்சலும் சளியும் உள்ளவர்கள் எண்ணெய்க் குளியலைத் தள்ளிவைப்பதே நல்லது.

குளித்தவுடன் முதலில் நாவில் வைப்பது இலேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் முதலியவற்றை இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் இட்டு நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறுவது தீபாவளி இலேகியம். வீட்டுக்கு வீடு சரக்குகள் சற்று மாறலாம். குமட்டலைக் குறைக்க இஞ்சி உதவுகிறது என்பதை இக்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆனால் இலேகியம் ஒரு சுண்டைக்காய் அளவு உண்ண வேண்டியது. அதிலும் வெல்லமும் நெய்யும் உண்டு என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கலாகாது. “இலேகியம் இருக்கிறது, எதையும் தின்னலாம்” என்று எண்ணுவது, குடை இருக்கிறதென்று ஆற்று வெள்ளத்தில் இறங்குவது போன்றது.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பது. அதிகாரத்தின் பெயர் மருந்து. வள்ளுவர் அதில் பெரிதும் பேசுவதோ உணவின் அளவைப் பற்றி. முன் உண்டது செரித்ததை அறிந்து பின் உண்பவனுக்கு மருந்தே தேவையில்லை என்பது அவர் துணிபு. தீபாவளியன்று நாம் மறக்கும் முதற்பாடம் இதுவே.

பலகாரக் கணக்கு

இனிப்பே வேண்டாம் என்று சொல்வது பண்டிகையே வேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். அதனை யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்து உண்ண வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் நெய் அல்லது எண்ணெய் 9 கலோரி தருகிறது. ஓர் இனிப்பில் 20 கிராம் சர்க்கரையும் 10 கிராம் நெய்யும் இருப்பதாகக் கொண்டால், மாவை விட்டுவிட்டாலுங்கூட 170 கலோரி ஆகிறது. இதைச் செலவிட முக்கால் மணி நேரத்திற்குக் குறையாமல் நடக்க வேண்டியிருக்கும். 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைப்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம். இதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நன்று என்கிறது அந்நிறுவனம். இரண்டரை இனிப்பில் நாள் வரம்பு முடிந்துவிடுகிறது. காப்பியின் சர்க்கரையை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

“ஒரு நாள்தானே, பிறகு குறைத்துக்கொள்ளலாம்” என்பார் சிலர். அமெரிக்காவில் 195 பேரை ஓராண்டு நிறுத்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. பண்டிகைக் காலத்தில் ஏறிய எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவே, அஞ்சியவாறு பெரிதன்று. ஆனால் ஏறிய அந்தச் சிறு எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. பத்துத் தீபாவளி கழிந்தால் என்னாகும் என்பதைக் கணக்கு மாணவர் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் இது வெறும் எடைக் கணக்கு அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்போர் மேலும் 13.6 கோடிப் பேர். பல குடும்பங்களில் இதற்கு ஆளானவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்ளலாம். அந்தப் பாட்டிக்கோ மாமாவுக்கோ “நல்ல நாளில் ஒன்றே ஒன்று” என்று ஒவ்வொரு வீட்டிலும் ஊட்டினால், பத்து வீட்டில் பத்து ஆகிறது. அவர்கள் மாத்திரையையோ இன்சுலினையோ வேளை தவறாமல் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்பதே அன்று அவர்களுக்குச் செய்யும் மெய்யான உபசாரம். நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளர் மருத்துவரைக் கலந்து கொண்டே நோன்பைத் தொடங்க வேண்டும் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

எண்ணெயைப் பற்றியும் ஒரு செய்தி. முறுக்குச் சுட்ட எண்ணெயில் மறுநாள் அதிரசம், அதன்பின் அப்பளம் என்று காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால், அதில் கேடு பயக்கும் சேர்மங்கள் சேர்கின்றன. அவை 25 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்று 2018 சூலை முதல் நம் நாட்டில் விதி நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. எண்ணெய் கறுத்து, நுரைத்து, காறல் வாடை அடித்தால் அதனை விட்டொழிக்க வேண்டும்.

உறக்கக் கடன்

தீபாவளிக்கு முந்திய இரவு பலருக்கு உறக்கமில்லை. பலகாரம் சுடுவோர் நள்ளிரவு கடந்தும் அடுப்படியில் நிற்பர். கடைவீதிக்குச் சென்றோர் கடைசிப் பேருந்தில் திரும்புவர். விடுதி மாணவர்கள் பேருந்தில் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்வர். விடியற்காலை நான்கு மணிக்கோ யாவரும் எழ வேண்டும்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இயக்கத்தை உயிரணு அளவில் விளக்கியதற்காக ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவருக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உறக்கம், உடல் வெப்பம், பசி, சுரப்பிகளின் செயல் யாவும் அக்கடிகாரப்படி நடக்கின்றன. இரண்டு நாள் அதனைக் கலைத்தால் சீர்பட மேலும் சில நாள்கள் தேவைப்படும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து.

உறக்கமின்மையின் ஆபத்தை விளக்க ஓர் ஆய்வு போதும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்ககால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்துள்ள வரம்போ 0.03 விழுக்காடுதான். ஆகவே காலை நான்கு மணிக்கு எழுந்து, பகல் முழுதும் விருந்துண்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்பும் இளைஞர், ஒரு துளி மதுவும் அருந்தாதவராயினும், குடித்தவரைப் போலவே சாலையில் செல்கிறார். காவலர் கருவியில் ஊதச் சொன்னால் தப்பிவிடலாம். எதிரே வரும் லாரியிடம் தப்ப முடியாது. அன்றிரவு தங்கிவிட்டு விடிந்தபின் புறப்படுவதில் எந்தக் குறைவும் இல்லை.

தீபாவளிக்குச் சில வாரங்களில் பருவத் தேர்வை எதிர்நோக்கும் நம் போன்றோர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். படித்தது நினைவில் பதிய உறக்கம் தேவை. விடுமுறை முடியுமுன் ஓர் இரவேனும் நேரத்தோடு படுத்துக் கடனைத் தீர்த்துவிட்டு வகுப்புக்கு வருவதே நலம்.

மத்தாப்பு வெளிச்சத்தில்

குழந்தைகள் கையில் அச்சமின்றிக் கொடுக்கும் கம்பி மத்தாப்பு ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிகிறது. கொதிக்கும் நீரின் வெப்பம் நூறு பாகையே என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும். எரிந்து முடிந்த கம்பியும் சில நிமிடம் சுடும். அதனைத் தரையில் எறிந்தால் வெறுங்காலோடு ஓடிவரும் அடுத்த குழந்தை மிதிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, கம்பியை அதில் போடப் பழக்குவது எளிது. நைலான், பாலியெஸ்டர் துணிகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடையே அன்று பாதுகாப்பு. வெடிக்காத பட்டாசை மீண்டும் பற்றவைக்கக் குனிபவர் தம் கண்ணைப் பணயம் வைக்கிறார்.

தீப்புண் ஏற்பட்டால் பேனா மை, பற்பசை, வெண்ணெய், மாவு என்று கையில் கிடைத்ததைப் பூசுவது நம் வழக்கம். இவை புண்ணின் வெப்பத்தை உள்ளே அடைத்துச் சீழ்பிடிக்கவும் வழி செய்யும். குழாய்த் தண்ணீரைப் புண்ணின் மேல் 20 நிமிடம் ஓடவிடுவதே சரியான முதலுதவி. மோதிரம், வளையல் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்கலாகாது. தூய துணியால் தளர மூடி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணில் காயமென்றால் கசக்காமல், அழுத்தாமல் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் வகுக்கப்பட்டு வந்துள்ளது. இதனைத் தொல்லையாகக் கருதுவோர் பலர். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்திற்கு வெளியே, ஆஸ்துமா உள்ள தாத்தா சன்னலைத் திறந்து மூச்சுவிடுகிறார். தொட்டில் குழந்தை உறங்குகிறது. நமது மகிழ்ச்சிக்கு எல்லை வகுப்பது பிறரது மூச்சுக்கு இடம் தருவதாகும்.

நின்றுகொண்டே இருப்பவர்கள்

இதுவரை கூறியவை பெரும்பாலும் உண்பவர், உறங்குபவர், வெடிப்பவர் பற்றியவை. பண்டிகைக் காலத்தில் நின்றுகொண்டே இருப்பவர்கள் இருவர் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரை நிறைவுறாது.

முதலாமவர் அடுப்படியில் நிற்பவர். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒட்டடை அடிப்பது தொடங்குகிறது. மாவு இடித்தல், பாகு காய்ச்சுதல், முறுக்குப் பிழிதல், தலைத் தீபாவளி மாப்பிள்ளை வந்தால் விருந்து, விருந்தினர் போனபின் பாத்திரம். எல்லாருக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டு, எல்லாருக்கும் இலேகியம் கொடுத்துவிட்டு, எல்லாரும் புத்தாடை உடுத்தியபின் கடைசியாக அவசர அவசரமாகக் குளிப்பவர் அம்மா. எல்லாரும் உண்டபின் ஆறிப்போனதை உண்பவரும் அவரே. 2024ஆம் ஆண்டு மைய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடம். அதிலும் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகை நாளின் கணக்கை அவரவர் வீட்டில் அவரவரே எடுத்துக்கொள்ளலாம்.

“உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அவருக்கு அறிவுரை கூறுவதால் பயனில்லை. பார்த்துக்கொள்ள அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தர வேண்டியவர்கள் நாம். தேங்காய் துருவுவதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் பட்டம் தேவையில்லை. பெண்ணாகப் பிறந்திருக்கவும் தேவையில்லை. எட்டு வகைப் பலகாரத்தை மூன்றாகக் குறைத்தால் தீபாவளியின் சிறப்புக் குறையாது. மூன்றில் ஒன்றைக் கடையில் வாங்கினால் குடும்பப் பெருமையும் குறையாது. அம்மாவை மணையில் அமர்த்தி முதலில் அவருக்கு எண்ணெய் வைத்துத் தொடங்கும் தீபாவளியே உண்மையான தீபாவளி.

இரண்டாமவர் கடையில் நிற்பவர். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை புடவை விரித்துக் காட்டும் பெண்களும் இளைஞர்களும் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். நம் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரி மாணவர்கள் சிலரும் விடுமுறையில் அவ்வேலைக்குச் செல்வதுண்டு. நெடுநேரம் நிற்பதால் காலிலிருந்து இதயத்துக்கு ஏற வேண்டிய இரத்தம் காலிலேயே தேங்குகிறது, பாதம் வீங்குகிறது, நரம்பு சுருண்டு புடைக்கிறது, இடுப்பு வலிக்கிறது. தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமே என்று அஞ்சித் தண்ணீரையும் தவிர்த்தால், சிறுநீர்ப்பாதை நோய் வந்து சேர்கிறது.

இவர்களுக்காக ஒரு சட்டம் இருக்கிறது. கேரளத்தில் 2018இல் திருத்தம் வந்ததை அடுத்து, தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. கடையில் பணிபுரிவோர் அனைவருக்கும் இருக்கை அமைத்துத் தர வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பது அதன் கருத்து. மனிதன் உட்காருவதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது நாம் சிந்திக்க வேண்டியது. துணி வாங்கச் செல்லும் நாம் செய்யக்கூடியதும் உண்டு. விற்பனைப் பெண் அமர்ந்திருந்தால் அதனை அவமதிப்பாகக் கருதாதிருத்தல். வாங்கும் எண்ணமின்றி ஐம்பது புடவையை இறக்கச் சொல்லாதிருத்தல். கூடுமானால் கூட்டம் சேரும் கடைசி நாளுக்குமுன் சென்று வருதல். அவ்வேலைக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் மணிக்கொரு முறை குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். இரவில் படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை மட்டும் தவிர்க்கலாகாது.

பையும் மனமும்

உடல் களைப்பு ஓர் இரவில் தீரும்; கடன் களைப்பு எளிதில் தீராது. அடுத்த வீட்டில் ஐயாயிரத்துக்குப் பட்டாசு வந்தால் நம் வீட்டிலும் வர வேண்டும் என்பது மகிழ்ச்சியன்று, போட்டி. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே அனைவரும் அமர்ந்து துணிக்கு இவ்வளவு, பலகாரத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று தாளில் எழுதிவிட்டால், பாதிக் கவலை அந்தத் தாளிலேயே இறங்கிவிடும். வீட்டு நிலையை அறிந்து, “எனக்கு இந்த ஆண்டு சட்டை இருக்கிறது” என்று பிள்ளைகள் சொல்வதும் பெற்றோருக்குத் தரும் ஓய்வுதான்.

பண்டிகை நாளில் தனிமை கூடுதலாக உறுத்தும். அவ்வாண்டு ஒருவரை இழந்த வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம் வழக்கம். பலகாரம் செய்யாத அவ்வீட்டுக்கு உறவினர் செய்து கொண்டுபோய்க் கொடுப்பதும் நம் வழக்கமே. அந்த இரண்டாவது வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஊருக்குச் செல்ல இயலாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட நண்பரைத் தம் வீட்டு இலைக்கு அழைப்பதும் அத்தகையதே. துயரம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், 2022இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல உதவித் தொலைபேசி 14416 இருக்கிறது. அதனை அழைப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

முடிவுரை

தன்னலம் வேறு, தன்னைப் பேணுதல் வேறு. பிறர் பங்கையும் தானே எடுத்துக்கொள்வது தன்னலம். தன் உடலைக் கெடாமல் காத்து, பிறர்க்குச் சுமையாகாமல் வாழ்வது பேணுதல். அளவோடு உண்பது, போதிய நேரம் உறங்குவது, விழிப்போடு மத்தாப்புக் கொளுத்துவது, வருவாய்க்குள் செலவிடுவது ஆகியவை ஒவ்வொருவரும் தமக்குச் செய்துகொள்ள வேண்டியவை. நிற்பவரை அமரச் செய்வதும், உழைப்பவரின் கையிலிருந்து ஒரு வேலையை வாங்கிக்கொள்வதும் நாம் பிறர்க்குச் செய்ய வேண்டியவை. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் திருநாள் ஓய்வு நாளாகும்.

மாட்டுக்கு ஓய்வு தந்து மகிழ்ந்த மரபில் வந்த நாம், வீட்டில் உழைப்பவர்க்கும் கடையில் உழைப்பவர்க்கும் அதனைத் தர மறக்கலாமா? வரும் தீபாவளியன்று நம் வீட்டில் கடைசியாக அமர்பவர் யார் என்று பார்ப்போம். அவரை முதலில் அமரச் செய்வோம்.